'உட்பட' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்: கல்லூரி கல்ச்சுரல்ஸ் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் அதைச் சுற்றியும் கல்ச்சுரல்ஸ் (கலைவிழா) நடத்தப்போகும் மாணவர் குழுக்களுக்கு,

வணக்கம். ரூல் புக் அடித்து எல்லாக் கல்லூரிக்கும் அனுப்பிவிட்டீர்கள். பேண்ட் போட்டிக்கான பக்கத்தில் வழக்கமான அந்த வரி இந்த வருடமும் இருக்கிறது: "ஒரு குழுவுக்கு 15 நிமிடம், மேடை அமைப்பு உட்பட." மற்ற விதிகளில் பாதியோடு எங்களுக்குச் சண்டை இல்லை. இந்த 'உட்பட'வோடுதான் சண்டை.

அந்த 15 நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பது மேடைக்குப் பக்கவாட்டில் நின்றால் தெரியும். முந்தின குழு இறங்குகிறது. அடுத்த டிரம்மர் தன் ஸ்னேர் (சின்ன டிரம்), சிம்பல்கள் (உலோகத் தட்டுகள்), கிக் எனும் பெரிய பேஸ் டிரம்மை மிதிக்கும் பெடல் எல்லாவற்றையும் தூக்கிவந்து மாட்டுகிறார், ஸ்டூல் உயரத்தை மாற்றுகிறார். முந்தினவர் இடதுகைக்காரர் என்றால் செட்டையே திருப்பிப் போட வேண்டும். கிட்டார்காரர்கள் இருவரும், கிட்டார் ஒலியை மாற்றும் பெடல் போர்டுக்கு பிளக் பாயின்ட் தேடுகிறார்கள். மேடையில் இருப்பது ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் ஒன்றில் ஃபேன், இன்னொன்றில் யாருடையதோ செல்போன் சார்ஜர். பாடுபவர் "செக், செக்" என்கிறார். எந்த மைக் எந்தச் சேனலில் (தனி ஒலிவழியில்) வருகிறது என்று, எல்லா ஒலியையும் கலக்கும் மிக்சரில் இருப்பவர் தேடுகிறார். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே 8 நிமிடம் போய்விடும். மீதி 7 நிமிடத்தில் ஒன்றரைப் பாட்டு. முதல் பாட்டில் குரல் வெளியே கேட்கத் தொடங்குவதே இரண்டாவது சரணத்தில். அதற்குள் நடுவர் மார்க் போட்டு முடித்திருப்பார்.

இது ஏன் பெரிய விஷயம்? சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு இங்கே மேடைப் பஞ்சமில்லை. கோயில் திருவிழா இருக்கிறது, கல்யாண வரவேற்பு இருக்கிறது. சொந்தமாகப் பாட்டுக் கட்டும் ராக் குழுவுக்கு அப்படி இல்லை. காபிக் கடை மூலையில் இரண்டு கிட்டாரும் ஒரு கஹோனும் (கையால் தட்டும் மரப்பெட்டி) வைத்து வாசிக்கலாம். முழு டிரம்ஸ் வைத்தால் பக்கத்து மேஜைக்காரர் ஆர்டர் சொல்ல முடியாது. பார்களில் மேடை உண்டு, ஆனால் அங்கே பெரும்பாலும் கேட்பது ஊரறிந்த கவர் பாட்டு. ஆயிரம் பேர் முன்னால், முழு டிரம்ஸோடு, தன் பாட்டைத் தானே வாசித்துப் பார்க்க ஒரு புதுக் குழுவுக்குக் கிடைக்கும் முதல் இடம் பெரும்பாலும் உங்கள் மேடைதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் டெக்கோஃபெஸ் 1948 முதல் நடக்கிறது, திருச்சி என்.ஐ.டி.யின் ஃபெஸ்டம்பர் 1975 முதல். மார்டி கிரா என்று தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி. விழாதான் இன்றைய சாரங். இத்தனை வருடப் பழக்கம் உள்ள மேடைகளில் புதுக் குழு தோற்பது பாட்டு மோசம் என்பதால் அல்ல, பாட்டு கேட்கவே இல்லை என்பதால் என்றால் அது வாசிப்பவர் குறை இல்லை.

கணக்கு சின்னதுதான். 20 நிமிடம் வாசிப்பு, 10 நிமிடம் குழு மாற்றம்; ஒரு குழுவுக்கு அரை மணி. ஆறு குழு என்றால் 3 மணி நேரம். 6.30க்குத் தொடங்கினால் 9.30க்கு முடியும். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருப்பது. ஆக, கையில் அரை மணி மிச்சம். 12 குழுவை ஏற்றினால் 6 மணி நேரம் வேண்டும். அது கிடையாது. அங்கேதான் 'உட்பட' உள்ளே நுழைகிறது.

எனவே மேடைக்கு முன்பே வடிகட்டுங்கள். விண்ணப்பத்தோடு ஸ்டுடியோவில் மெருகேற்றிய பாட்டைக் கேட்காதீர்கள். காசு உள்ளவர் நன்றாகத் தெரிவார், அவ்வளவுதான். ஜாமிங் அறையில் செல்போனை மூலையில் நிறுத்தி, வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே டேக்கில் எடுத்த இரண்டு பாட்டின் வீடியோவைக் கேளுங்கள். தாளம் நிற்கிறதா, நான்கு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கிறார்களா என்பது அந்த மோசமான ஒலியிலேயே தெரிந்துவிடும். அதிலிருந்து ஆறு குழுவைத் தேர்ந்தெடுத்துக் கூப்பிடுங்கள்.

அடுத்தது சவுண்ட் செக். குழுவுக்கு 40 நிமிடம், ஆறு குழுவுக்கு 4 மணி நேரம். மதியம் 12.30க்கு ஆரம்பித்தால் 4.30க்கு முடிந்துவிடும். இதில் வரிசை முக்கியம்: இரவு கடைசியில் வாசிக்கும் குழு முதலில் செக் செய்ய வேண்டும், முதலில் வாசிக்கும் குழு கடைசியில். அப்போதுதான் கதவு திறக்கும்போது முதல் குழுவின் மைக், ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி), டிரம்ஸ் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கும். டிஜிட்டல் மிக்சர் என்றால் ஒவ்வொரு குழுவின் அமைப்பையும் ஒரு 'சீன்' ஆகச் சேமித்து, அவர்கள் ஏறும்போது திரும்ப எடுக்கலாம். ஆனால் மிக்சர் நினைவில் வைத்துக்கொள்வது மிக்சரில் இருப்பதை மட்டுமே. கிட்டார் ஆம்ப்பின் குமிழ்களை அடுத்தவர் திருகியிருப்பார், மைக் அரை அடி தள்ளிப் போயிருக்கும். ஆம்ப் முகப்பை செல்போனில் ஒரு போட்டோ எடுங்கள். மைக் ஸ்டாண்ட் நின்ற இடத்தில், குழுவுக்கு ஒரு நிறமாக, தரையில் டேப் ஒட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு நிமிடக் கூலி, இரவில் ஐந்து நிமிடம் மிச்சம்.

40 நிமிடத்தையும் "ஃப்ரீயா வாசிங்க தம்பி" என்று விட்டுவிட்டால் கிட்டார்காரரின் சோலோவிலேயே போய்விடும். முதல் 10 நிமிடம் கேபிள் ஒவ்வொன்றும் மிக்சருக்கு வருகிறதா என்று பார்க்கும் லைன் செக். பிறகு கிக், ஸ்னேர், டாம் (நடுத்தர டிரம்), சிம்பல். அப்புறம் பேஸ், கிட்டார், கீபோர்டு, கடைசியில் குரல். கடைசி 15 நிமிடம் முழுக் குழுவும் சேர்ந்து, பாட்டின் மிகச் சத்தமான இடத்தையும் மிக அமைதியான இடத்தையும் வாசிக்க வேண்டும். முழுப் பாட்டு தேவையில்லை. மேடை திறந்தவெளி என்றால் இன்னொன்று: மதிய வெயிலில் கிட்டாரை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. சூட்டில் கம்பி நீண்டு சுருதி இறங்கும். அப்படியே சரிசெய்துவைத்தால் இரவுக் குளிரில் ஏறிவிடும்.

இனி மைக்செட். உங்கள் கல்லூரிக்கு வழக்கமாக வரும் சவுண்ட் சர்வீஸ்காரர் மேல் எங்களுக்குக் குறையில்லை. மெல்லிசைக்கு அவர் ராஜா. அங்கே ரிதம் பேடும் கீபோர்டும் நேராக லைனில் வந்துவிடும், பாடுபவர் மைக்கில் கொஞ்சம் எக்கோ, வேலை முடிந்தது. ராக்கில் டிரம்ஸும் ஆம்ப்பும் மேடையிலேயே கத்தும். அவற்றைப் பிடிக்க மைக் வேண்டும், வாசிப்பவர் தன்னைக் கேட்க மானிட்டர் வேண்டும். அவரிடம் நீங்கள் "மைக்செட் வேண்டும்" என்று மட்டும் சொன்னீர்கள், அவர் மைக்செட் கொண்டுவந்தார்.

சொல்ல வேண்டியது இப்படி: கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, இரண்டு டாமுக்கு இரண்டு, மேலே சிம்பலுக்கு இரண்டு, டிரம்ஸ் ஆறு சேனல். பேஸ் கிட்டாருக்கு டி.ஐ. பாக்ஸ் (கருவியை மைக் இல்லாமல் நேராக மிக்சரில் இணைக்கும் பெட்டி) ஒன்று. கிட்டார் ஆம்ப்புக்கு எஸ்.எம்.57 மாதிரி மைக் இரண்டு. கீபோர்டுக்கு டி.ஐ. இரண்டு. குரலுக்கு எஸ்.எம்.58 மாதிரி மூன்று. லேப்டாப் டிராக் வைக்கும் குழுவுக்கு இரண்டு. கூட்டினால் 16. தொகுப்பாளர் மைக் 17. அதனால் 16 சேனல் மிக்சர் போதாது, 24 கேளுங்கள். சிம்பல் மேலே தொங்கும் மைக்குக்கு மிக்சர் கேபிள் வழியாகவே அனுப்பும் 48 வோல்ட் பேன்டம் பவர் வேண்டும். அதை ஆன் செய்யாமல் "மைக் டெட்" என்று கழற்றி வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் வேடிக்கை. தரை மானிட்டர் நான்கு, நான்கும் தனித்தனி ஆக்ஸில் (மிக்சரிலிருந்து மானிட்டருக்குப் போகும் ஒலிவழி). ஒரே ஆக்ஸில் நான்கையும் கோர்த்தால் டிரம்மர் பேஸைக் கூட்டச் சொல்லும்போது பாடுபவர் காதிலும் பேஸ் இடிக்கும்.

200 பேர் உட்காரும் செமினார் ஹால் என்றால் இதில் பாதி வேண்டாம். அங்கே டிரம்ஸ் தன் சொந்தச் சத்தத்திலேயே கடைசி வரிசைக்குப் போகும். கிக், பேஸ், கீபோர்டு, குரல் போதும். சிமென்ட் சுவர் உள்ள ஹாலில் டிரம்ஸ் முழுவதற்கும் மைக் போட்டுக் கூட்டுவது, கிணற்றுக்குள் தகர டப்பா உருட்டுவதுதான்.

குரல் கேட்கவில்லை என்றதும் எல்லோரும் குரலைக் கூட்டுகிறார்கள். பார்க்க வேண்டியது கிட்டார் ஆம்ப். அது தரையில் இருந்து வாசிப்பவரின் முழங்காலைப் பார்த்துக் கத்துகிறது. காதுக்கு எட்டாததால் அவர் இன்னும் கூட்டுகிறார். ஆம்ப்பை ஒரு நாற்காலி மேல் ஏற்றுங்கள், அல்லது முன்பக்கம் ஒரு செங்கல் கொடுத்து மேல்நோக்கிச் சாயுங்கள். தன் காதிலேயே நேராக அறைந்ததும் அவரே குறைத்துக்கொள்வார். மானிட்டர் பாடுபவரின் மைக்குக்கு நேர் பின்பக்கம் இருக்க வேண்டும், ஏனென்றால் எஸ்.எம்.58 வகை மைக் மிகக் குறைவாகக் கேட்பது அந்தப் பக்கத்தில்தான். ராப் பாடுபவர்கள் மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார்கள், பார்க்க அழகு. ஆனால் பொத்தியதும் அந்த மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கும், உடனே ஊளை. அது மிக்சர்காரர் தப்பு இல்லை.

டிரம்ஸ் நகர்வது பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை யாரும் ரூல் புக்கில் எழுதுவதில்லை. ப்ளைவுட் மேடை மேல் அந்த மெல்லிய சிவப்பு விரிப்பைப் போடுகிறீர்கள். 22 அங்குல பேஸ் டிரம்மை ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அது ஒரு நூல் முன்னால் போகும். மூன்றாவது பாட்டில் டிரம்மர் ஒரு காலால் மிதித்துக்கொண்டே மறு காலால் செட்டை இழுத்துக்கொண்டிருப்பார், தாளம் ஆடும், நடுவர் "டைமிங் சரியில்லை" என்று எழுதுவார். 8க்கு 6 அடியில் முரட்டுக் கார்பெட் ஒன்றை நான்கு மூலையும் டேப் போட்டு விரித்து, ஸ்டூலும் அதன் மேலேயே இருக்கும்படி வையுங்கள். டிரம்மரின் எடையே கார்பெட்டைப் பிடித்துக்கொள்ளும். பேஸ் டிரம் காலுக்கு முன்னால் தச்சரிடம் சொல்லி ஒரு ரீப்பர் கட்டையை ஆணியடிக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

கரென்ட் விஷயத்தில் விளையாட வேண்டாம். பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவரின் உதடு மைக்கில் பட்டதும் சுரீர் என்று அடிக்கிறது என்றால், கிட்டார் ஆம்ப்பின் எர்த்தும் மிக்சரின் எர்த்தும் ஒன்றில்லை, அல்லது ஒன்றுக்கு எர்த்தே இல்லை என்று பொருள். ஆம்ப் மேடைக்குப் பின்னால் உள்ள வகுப்பறை பாயின்ட்டில், மிக்சர் ஜெனரேட்டரில் என்று பிரித்துக் கொடுத்தால் இதுதான் வரும். மேடையும் மிக்சரும் ஒரே இடத்திலிருந்து கரென்ட் எடுக்க வேண்டும், லைட் வேறு ஃபேஸில். கூட்டம் வருவதற்கு முன் மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறுமுனையை மைக் வலையிலும் வைத்து ஏ.சி. வோல்ட் பாருங்கள். ஒன்றிரண்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியன் வரும் வரை யாரும் வாசிக்கக் கூடாது. 'ம்ம்ம்' என்ற இரைச்சல் போக பிளக்கின் எர்த் பின்னை மடக்குவது, டேப் சுற்றுவது என்று ஒரு கைவைத்தியம் உண்டு. இரைச்சல் போகும், ஆளும் போகலாம். இரைச்சலுக்கு மருந்து டி.ஐ. பாக்ஸில் உள்ள, ஒலிக் கேபிளின் எர்த்தை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச்.

ஜெனரேட்டரில் நியூட்ரல் கம்பி தளர்ந்தால் லோடு குறைவாக உள்ள ஃபேஸில் 230 வோல்ட் 400 வரை தாவும். அந்த ஃபேஸில்தான் கீபோர்டும் பெடல்களும் இருக்கும். ஒரு மாணவரின் மூன்று வருடச் சேமிப்பு ஒரு 'டப்'பில் போய்விடும். நியூட்ரலை ஜெனரேட்டர்காரர் கையால் இழுத்துப் பார்த்தாரா என்று ஒரு தடவை, நீங்களே நின்று கேளுங்கள்.

இப்போது பிரிவுகள். உங்கள் ரூல் புக்கில் இசைக்கு இரண்டு பெட்டி: 'லைட் மியூசிக்', 'வெஸ்டர்ன்'. பல கல்லூரிகளில் முதல் பெட்டிக்கு சினிமாப் பாட்டு, டிரம்ஸ் கூடாது; இரண்டாவதற்கு ஆங்கிலப் பாட்டு, ஆறு பேருக்கு மேல் கூடாது. தமிழில் ராக் எழுதும் குழு எங்கே போகும்? 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 19 பேர். கானா, ராப், ராக், கூடவே பறை. ஊரெல்லாம் பேச வைத்த அந்தக் குழு இன்று உங்கள் போட்டிக்கு விண்ணப்பித்தால் முதல் பக்கத்திலேயே தள்ளுபடி. 2006இல் தொடங்கிய ஸ்க்ராட், 2012இல் தொடங்கிய தி எஃப்16ஸ் போல ஆங்கிலத்தில் பாடும் சென்னைக் குழுக்களுக்கு உங்கள் இரண்டாவது பெட்டி பொருந்தும், சரி. மொழியைக் கேட்காத மூன்றாவது பிரிவு ஒன்று போட்டால் என்ன குறைந்துவிடும்? பேர் 'சொந்தப் பாட்டு' என்றே இருக்கட்டும்.

பறை வரும் என்றால் ஒரு ஏற்பாடு கூடுதலாக வேண்டும். தோல் பறையை வாசிப்பதற்கு முன் தீயில் காய்ச்ச வேண்டும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அரை மணியில் தோல் தொய்ந்துவிடும். மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டரின் டீசலுக்கும் ஷாமியானா துணிக்கும் எட்டாத தூரத்தில், வைக்கோல் கொளுத்த ஒரு மூலையும் ஒரு வாளி மணலும் ஒதுக்குங்கள். செக்யூரிட்டியிடம் காலையிலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் சரியான நேரத்தில் வந்து தண்ணீர் ஊற்றிவிடுவார்.

பேண்டுக்காரர்கள் பேச்சில் 'ஓசி' என்றால் ஓன் காம்போசிஷன், சொந்தப் பாட்டு. "ஒரு ஓசி கட்டாயம்" என்று விதி போடும் கல்லூரிகளுக்கு நன்றி. ஆனால் பல இடங்களில் பாட்டும் ஓசி, வாசிப்பதும் ஓசி. போட்டிக்குப் பரிசு உண்டு என்பீர்கள். நாங்கள் சொல்வது போட்டிக்கு வெளியே: கடைசி நாள் பெரிய குழுவுக்கு முன் 'ஓப்பனிங்' வாசிக்கக் கூப்பிடும் உள்ளூர்க் குழு. மும்பையிலிருந்து வரும் குழுவுக்கு விமானம், ஹோட்டல், முன்பணம். உள்ளூர்க் குழுவுக்கு "நல்ல விளம்பரம் கிடைக்கும்". அரை மணி வாசிக்க அவர்கள் ஜாமிங் அறையில் மூன்று மணி நேரமாக நாலு நாள் வாடகை கட்டியிருப்பார்கள், ஆம்ப்பும் டிரம்ஸும் ஏற்றிவர வேன் பிடித்திருப்பார்கள். குறைந்தது அந்த இரண்டும் கைக்கு வர வேண்டும். பாதி முன்னால், மீதி மேடையிலிருந்து இறங்கும் அன்றே. பான் எண், வங்கிக் கணக்கு, பில் எல்லாவற்றையும் விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கி அக்கவுண்ட்ஸ் பிரிவில் கொடுத்துவிட்டால் "சார் லீவு" என்ற பேச்சு வராது.

ஓப்பனிங் குழுவுக்கு இன்னொரு ஆபத்து நேரம். சிறப்பு விருந்தினர் முக்கால் மணி தாமதம், அவர் உரை இன்னொரு முக்கால் மணி, 10 மணிக்குப் போலீஸ் நிறுத்தச் சொல்லும். வெட்டு விழுவது யார் தலையில்? மும்பைக் குழு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. உள்ளூர்க் குழுவுக்கு ஒப்பந்தமே இல்லை, 30 நிமிடம் 10 ஆகிவிடும். ஒரு பக்க ஒப்பந்தம் போதும்: எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், எவ்வளவு பணம். மேடையையும் முன்பே அளந்துவிடுங்கள். பெரிய குழுவின் டிரம்ஸைத் தொட விட மாட்டார்கள். ஓப்பனிங் டிரம்ஸுக்குப் பக்கவாட்டில் 8க்கு 8 அடி தனியாக விடாவிட்டால், நான்கு பேரும் மேடை விளிம்பில் பஸ் ஃபுட்போர்டில் தொங்குவது மாதிரி நிற்க வேண்டும்.

பணம் உண்மையிலேயே இல்லை என்றால், மிக்சரில் இருந்தே ஒன்று கொடுக்கலாம். இன்றைய டிஜிட்டல் மிக்சர்கள் பலவற்றில் யு.எஸ்.பி. கேபிள் வழியாக ஒவ்வொரு சேனலையும் லேப்டாப்பில் தனித்தனியாகப் பதியலாம். 16 சேனல், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், 30 நிமிடம்: சுமார் 4 ஜி.பி. ஒரு சின்ன பென் டிரைவ். கூடவே ட்ரைபாடில் நிறுத்திய ஒரு கேமராவின் முழு ஓட்டம், வெட்டாமல். அடுத்த மேடைக்காரர், பெங்களூர் பாரோ கொச்சி விழாவோ, முதலில் கேட்பது "லைவ் வீடியோ இருக்கா?" என்றுதான். வெற்றிக் கோப்பையின் போட்டோவை யாரும் கேட்பதில்லை. டிரைவைக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை திறந்து பாருங்கள்; கிக் சேனலில் தொகுப்பாளர் குரல் பதிவான டிரைவால் யாருக்கும் பயனில்லை.

சவுண்ட் சர்வீஸோடு பேச விழாவுக்கு முந்தின நாள் உட்காராதீர்கள், ஒரு மாதம் முன்பே உட்காருங்கள். குழுக்களிடம் சேனல் லிஸ்ட்டையும் யார் எங்கே நிற்பார்கள் என்ற படத்தையும் ஒரே தாளில் வாங்கி, ஆறையும் பிரிண்ட் எடுத்து மிக்சருக்குப் பக்கத்தில் வரிசையாக ஒட்டுங்கள். ரூல் புக்கை மறுபடி அடிக்கக் காசில்லை என்றால் அந்த வரியை மட்டும் திருத்தி ஒரு மெயில் போதும்.

இப்படிக்கு,
சென்னை மேடைகளில் கேபிள் சுற்றுபவர்கள், மிக்சர் பிடிப்பவர்கள், வாசிப்பவர்கள் சிலர்

பி.கு.: டிரம் கீ (டிரம்ஸ் தோலை முறுக்கும் சாவி) ஒன்று வாங்கி மிக்சர் மேஜையில் கயிறு போட்டுக் கட்டிவையுங்கள். கட்டாமல் வைத்தால் முதல் குழுவோடு போய்விடும்.